பெட்டியை மூடுற டேப்பில் நம்ம பேர்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், கலசப்பாக்கத்தைச் சேர்ந்த குழு உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, பார்சலுக்குப் பேர் அச்சடிச்ச டேப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது. இதைச் சொன்னதும் பின் வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சாங்க. "கடன் எப்படி வாங்கறது, மானியம் எப்படி வாங்கறதுன்னு பேசினா கேக்கலாம். டேப்பைப் பத்தி இன்னாத்த பேசறது?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, ரெண்டு பிள்ளைங்க, ஒரு மாடு, அதுக்கு நடுவில் குழு வேலை. படிச்சு வந்து பேசற ஆள் இல்லை. ஒரு வருசமா எங்க குழுவில் பெட்டி கட்டி அனுப்பற பொறுப்பு என்னுடையது. அதில் தெரிஞ்சுகிட்டதை மட்டும் சொல்றேன்.

எங்க குழு செய்யற வேலை உங்களில் பல பேருக்குத் தெரியும். ஜமுனாமரத்தூர் பக்கம் மலை ஊர்களில் இருக்கும் குழுக்கள்கிட்ட சாமை, தேன், புளி வாங்குறோம். சாமையை உமி நீக்கி, கல் பொறுக்கி, புடைச்சு, அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாகப் போடுறோம். முன்னெல்லாம் வியாபாரி வண்டி எடுத்துகிட்டு வந்து மூட்டையாக வாங்கிட்டுப் போவார். அவர் பாக்கெட்டில் அவர் பேர்தான் இருக்கும். மலை எது, விளைய வெச்சது யார், புடைச்சது யார் என்று வாங்கறவங்களுக்குத் தெரியாது. வாட்ஸ்ஆப் வந்த பிறகு சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று நேராகவே கேட்க ஆரம்பிச்சாங்க. பார்சல் அனுப்ப ஆரம்பிச்சோம். அட்டைப்பெட்டி, கடையில் கிடைக்கிற பிரவுன் டேப், மேலே முகவரி எழுதின பேப்பர். அவ்வளவுதான்.

அப்படிப் போய்க்கிட்டிருந்தப்போ ஒரு சங்கடம் வந்தது. கோயம்புத்தூருக்கு ஒரு பெட்டி அனுப்பினோம். ஆறு பாக்கெட் சாமை, ரெண்டு பாட்டில் தேன். நாலு நாள் கழிச்சு அந்த அம்மா போன் பண்ணாங்க. சாமை ஆறும் இருக்குது, தேன் ஒரு பாட்டில்தான் இருக்குது என்றாங்க. அந்த இடத்தில் பழைய நியூஸ் பேப்பர் சுருட்டி அடைச்சிருந்ததாம். போட்டோ அனுப்பச் சொன்னோம். பார்த்தா பெட்டி நல்லாத்தான் ஒட்டியிருக்குது. பிரவுன் டேப் மேலே பிரவுன் டேப். நாங்க ஒட்டினது எது, வழியில் யாரோ பிரிச்சு ஒட்டினது எது என்று எங்களுக்கே தெரியலை. பார்சல் கம்பெனியில் கேட்டதுக்கு, "பெட்டி கிழியாமதானே போய்ச் சேர்ந்திருக்குது, நாங்க எதுக்குப் பொறுப்பு?" என்று சொல்லிட்டாங்க. எந்தக் கம்பெனி என்கிற பேச்சு இங்க வேண்டாம்.

தேன் பாட்டில் பணத்தை அந்த அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்துட்டோம். பணம் பெரிசில்லை. அந்த வாரக் கூட்டத்தில், அன்னிக்கு எண்ணிப் போட்ட அக்காவைப் பார்த்து ஒருத்தங்க, "நீ ரெண்டு பாட்டிலும் வெச்சதானே?" என்று கேட்டுட்டாங்க. கேட்டவங்க கெட்ட எண்ணத்தில் கேட்கலை. ஆனாலும் அந்த அக்கா முகம் செத்துப் போச்சு. பதினோரு வருசமா ஒண்ணா சேமிப்புக் கட்டி, ஒருத்திக்கு ஒருத்தி ஜாமீனாக நின்னு கடன் வாங்கிக் கட்டினவங்க நாங்க. அடுத்த ரெண்டு வாரம் அவங்க கூட்டத்துக்கே வரலை. ஒரு பாட்டில் தேன் போனதில் குழுவே உடைஞ்சிருக்கும். அன்னிக்குத்தான் எங்களுக்கு டேப்பைப் பத்தி யோசிக்கத் தோணுச்சு. கடையில் யார் போனாலும் கிடைக்கிற டேப்பை ஒட்டினால், நாம மூடினதுக்குச் சாட்சி கிடையாது.

இது புதுசு ஒண்ணும் இல்லை. நம்ம பெரியவங்க காலத்தில் தபால் ஆபீஸில் இன்சூர் பண்ண பார்சல் கட்டினா, துணியில் சுத்தித் தைச்சு, தையல் மேலே அரக்கு உருக்கி ஊத்தி முத்திரை குத்துவாங்க. அரக்கு உடைஞ்சிருந்தா யாரோ கை வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். ஓட்டுப் பெட்டிக்கும் அரக்கு வெச்சுத்தான் சீல் போட்டாங்க. அரக்கு பூட்டு கிடையாது. கத்தி இருந்தா யார் வேணும்னாலும் உடைக்கலாம். உடைச்சதை மறைக்க முடியாது, அதுதான் அதோட வேலை. பேர் போட்ட டேப்பும் அந்த அரக்கு முத்திரை மாதிரிதான். நம்ம பேர் இருக்கிற டேப்பை அறுத்தவன் திரும்ப ஒட்ட வேற டேப்தான் எடுக்கணும். அது காட்டிக் கொடுத்துடும். அழகுக்கு, விளம்பரத்துக்கு என்று கடைக்காரங்க சொல்லுவாங்க. அதெல்லாம் அப்புறம். முதல் வேலை சாட்சி.

இப்போ எப்படித் தேர்ந்தெடுக்கறது என்பதற்கு வர்றேன்.

முதலில் பிடிப்பு. பேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் டேப் பெயர்ந்து வந்துட்டா பிரயோஜனம் இல்லை. கடையில் கிடைக்கிற இந்த மாதிரி டேப் வந்தே சுமார் நூறு வருசம்தான் ஆகுது. அமெரிக்காவில் ரிச்சர்டு ட்ரூ என்கிறவர் 1925-ல் கார் பெயிண்ட் அடிக்கிறவங்களுக்காக ஒட்டுக் காகிதம் செஞ்சார். 1930-ல் கண்ணாடி மாதிரி தெரியற டேப் செஞ்சார். இப்போ நம்ம கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் டேப்பைப் பி.ஓ.பி.பி. டேப் என்று சொல்றாங்க. ரெண்டு பக்கமும் இழுத்து மெலிசாக்கின பாலிபுரோப்பிலீன் பிலிம், அதுக்கு அடியில் பசை.

இதை வாங்கும்போது அகலம், நீளம், கனம் மூணும் கேட்கணும். அகலம் பெரும்பாலும் 48 மில்லிமீட்டர், நாம ரெண்டு இஞ்சு டேப் என்று சொல்றது. பெரிய கனமான பெட்டிக்கு 72 மில்லிமீட்டர், அதுதான் மூணு இஞ்சு. கனத்தை மைக்ரானில் சொல்லுவாங்க. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். "நாற்பது மைக்ரான்" என்று கடைக்காரர் சொன்னா, பிலிம் மட்டும் நாற்பதா, பசையும் சேர்ந்து நாற்பதா என்று கேளுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அடுத்தது நீளம். ரோலுக்கு நடுவில் இருக்கிற அட்டைக் குழாய் தடிமனாக இருந்தா ரோல் பெரிசாத் தெரியும், டேப் குறைவாக இருக்கும். கண்ணால் பார்த்து வாங்காதீங்க. 65 மீட்டரா, 100 மீட்டரா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்க.

பசையில் ரெண்டு மூணு வகை இருக்குது. சூட்டில் உருக்கித் தடவின ஹாட் மெல்ட் பசை வெச்ச உடனே கப்பென்று பிடிக்கும். தண்ணியில் கரைச்ச அக்ரிலிக் பசை கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கும், ஆனா வெயிலையும் நாள்பட்ட வைப்பையும் தாங்கும். நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். தகரக் கூரைக்குக் கீழே பெட்டியை ஒரு நாள் அடுக்கி வெச்சா டேப்பு என்ன பாடுபடும்? அதனால் சாம்பிள் ஒரு ரோல் வாங்கி, நாம வழக்கமாக வாங்கற அதே பெட்டியில் ஒட்டிப் பாருங்க. பழைய அட்டையை மறுபடி அரைச்சுச் செய்யற பெட்டியில் மேல்பரப்பு தூசியாக, பிசிறாக இருக்கும். அதில் பல டேப் பிடிக்காது. ஒட்டின பெட்டிக்குள்ள அஞ்சு கிலோ வெச்சு, ஒரு நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் வையுங்க. மறுநாள் காலையில் ஓரம் தூக்கிக்கிட்டு நின்னா அந்த டேப் நமக்கு ஆகாது. இன்னொண்ணு, சாமை புடைக்கிற இடத்திலேயே பெட்டி ஒட்டாதீங்க. உமித்தூள் படிஞ்ச அட்டையில் எந்த டேப்பும் நிற்காது. துணியால் ஒரு தடவை துடைச்சுட்டு ஒட்டுங்க.

ரெண்டாவது, பிளாஸ்டிக்கா காகிதமா என்பது. காகித டேப்பில் ரெண்டு வகை. ஒண்ணு பசையோடவே வருது, பிரிச்சு ஒட்டலாம். இன்னொண்ணு தபால் தலை மாதிரி, தண்ணி தொட்டால்தான் ஒட்டும். அதில் தடவியிருக்கிறது மாவுப் பசை. அது அட்டையோட நாருக்குள்ளேயே இறங்கிப் பிடிச்சுக்கும். சில வகையில் நடுவில் நூலும் வெச்சிருப்பாங்க. அதைப் பிரிச்சா அட்டையும் சேர்ந்து கிழிஞ்சு வரும். சாட்சிக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனா ஈரத் துணி, ஸ்பாஞ்சு எல்லாம் பக்கத்தில் வேணும். மழைக்காலத்தில் ரோலை ஈரம் படாம வைக்கணும், இல்லைனா ரோலே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். விலையும் பிளாஸ்டிக்கைவிடக் கூட.

விலை கூட இருந்தாலும் காகிதத்தை யோசிக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்குது. 2019 ஜனவரி 1-ல் இருந்து நம்ம தமிழ்நாட்டில் ஒரு தடவை உபயோகிச்சுத் தூக்கிப்போடற பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" வந்தது. துணிப்பை தைச்சு வித்தவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்காங்க. பையைத் துணியில் கொடுத்துட்டு, பெட்டியை மட்டும் பிளாஸ்டிக் டேப்பால் சுத்தி அனுப்பினா வாங்கறவங்க கேட்பாங்க. கேட்கவும் செஞ்சாங்க. பெரிய கம்பெனிகளே மாறிக்கிட்டிருக்காங்க. அமேசான் இந்தியா 2020-லேயே தன் கிடங்குகளில் இருந்து போகிற பெட்டிகளில் அந்த மாதிரி பிளாஸ்டிக்கை நிறுத்தி, காகித டேப்புக்கு வந்துட்டதாகச் சொல்லுச்சு. காகித டேப் ஒட்டின பெட்டியை அப்படியே பழைய பேப்பர்காரருக்குப் போடலாம். பிளாஸ்டிக் டேப்னா உரிக்கணும். உரிக்காம போட்டா அது செய்யாத்துக்குத்தான் போகும், இல்லைனா மாட்டு வயித்துக்குப் போகும்.

எங்களுக்குக் காகிதத்தில் இன்னொரு லாபமும் இருந்தது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன்.

மூணாவது, அச்சு. பிளாஸ்டிக் டேப்பில் பேரை மேல் பக்கம் அச்சடிக்கிறதும் உண்டு, பிலிமுக்கும் பசைக்கும் நடுவில் அச்சடிக்கிறதும் உண்டு. மேல் பக்கம் அடிச்சது வண்டியில் உரசி உரசி அழிஞ்சு போகும். சோதிக்கறது சுலபம். அச்சின் மேல் வேற ஒரு டேப்பை அழுத்தி ஒட்டி, சுருக்கென்று இழுங்க. மை கூட வந்துட்டா அது மேல் அச்சு. நடுவில் அடிச்சதைத்தான் கேட்டு வாங்கணும்.

அச்சடிக்கறதுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் செய்வாங்க. நிறம் கூடக்கூட பிளேட் காசும் கூடும். ஒரே நிறம் போதும். வெள்ளைக் காகிதத்தில் கறுப்போ, கரும்பச்சையோ, கருநீலமோ நல்லாத் தெரியும். பிரவுன் டேப்பில் கறுப்பு எழுத்து எடுபடாது. ஒரு முறை செஞ்ச பிளேட்டை அடுத்த ஆர்டருக்கும் வெச்சிருப்பாங்களா, மறுபடி பிளேட் காசு கேட்பாங்களா என்று முதலிலேயே பேசிடுங்க. சொன்ன விலை ஜி.எஸ்.டி.யோட சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேளுங்க.

இதில் நம்ம தமிழுக்கு என்று ஒரு சிக்கல் இருக்குது. எங்களுக்கு முதலில் வந்த சாம்பிளைப் பார்த்தா, "கலசப்பாக்கம்" என்கிறதில் புள்ளி எல்லாம் காணோம். "கலசபபாககம" என்று இருக்குது. எழுத்து சின்னதாக இருந்ததால் மை பரவி, புள்ளி எழுத்தோடேயே ஒட்டிக்கிச்சு. ஏழாவது படிக்கிற என் பொண்ணு படிச்சுப் பார்த்துட்டு, "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டா. திருப்பி அனுப்பி, எழுத்தைப் பெரிசாக்கி, புள்ளியைத் தனியாக மேலே தள்ளி வைக்கச் சொன்னோம். அதனால் அச்சுக்குப் போகும் முன்னாடி உண்மையான டேப்பில் அடிச்ச சாம்பிள் கேளுங்க. போனில் அனுப்பற படத்தைப் பார்த்துச் சரின்னு சொல்லாதீங்க. போனில் பெரிசாக்கிப் பார்க்கலாம், பெட்டியில் முடியாது. குழுவில் நாலு பேராவது எழுத்தெழுத்தாகப் படிச்சு, போன் நம்பரை ஒருத்தி சொல்ல ஒருத்தி அடிச்சுப் பார்த்து, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

டேப்பை நாம எங்க வேணும்னாலும் வெட்டுவோம். அதனால் பேர் திரும்பத் திரும்ப வரணும். பெட்டி முப்பது சென்டிமீட்டர் நீளம்னா, பதினஞ்சு சென்டிமீட்டருக்குள்ள ஒரு தடவை முழுப் பேரும் வந்து முடியணும். அப்பத்தான் எங்க வெட்டினாலும் மேலே ஒரு தடவையாவது முழுசாகத் தெரியும்.

நாலாவது, என்ன எழுதறது, என்ன எழுதக் கூடாது. இதில்தான் எங்க கூட்டத்தில் நிறையப் பேச்சு நடந்தது.

சாமி படம் போடலாம் என்று ஒருத்தங்க சொன்னாங்க. நமக்குப் பருவதமலை பக்கத்திலேயே இருக்குது, ஆசை வராம இருக்குமா? ஆனா டேப்பைக் கத்தியால் கிழிப்பாங்க, கீழே போட்டு மிதிப்பாங்க. வேண்டாம் என்று முடிவு செஞ்சோம். "சுத்தமான மலைத்தேன்" என்று போடலாம் என்றாங்க. உள்ளே இருக்கிறது இன்னதுன்னு வெளியே எழுதி வெச்சா, எடுக்க நினைக்கிறவனுக்கு நாமே வழி காட்டின மாதிரி. அதுவும் வேண்டாம். மதி சின்னமோ, அரசு முத்திரையோ, அனுமதி இல்லாம போடக் கூடாது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் பதினாலு இலக்கம், எடை, விலை, பாக்கெட் போட்ட தேதி, இதெல்லாம் உள்ளே இருக்கிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கணும். டேப்பில் போட்டுட்டோம், பாக்கெட்டில் வேண்டாம் என்று யாரும் நினைக்காதீங்க. பாட்டில் இருக்கிற பெட்டிக்கு, "உடையும் பொருள்" என்று தமிழில் எழுதினா பெங்களூரில் இறக்கறவருக்குப் புரியாது. கண்ணாடிக் கோப்பை படமும், மேலே பார்க்கிற அம்புக்குறியும் எந்த ஊரிலும் புரியும். அதைத் தனி ஸ்டிக்கராக ஒட்டிக்கலாம்.

போன் நம்பர் யாருடையது? ஊக்குநர் நம்பரைப் போடலாம் என்றாங்க. ஊக்குநர் மாறுவாங்க, பிரதிநிதிகள் மாறுவாங்க, ஒருத்தங்க கல்யாணமாகி வேற ஊருக்குப் போயிடுவாங்க. டேப் ரோல் அப்படியே இருக்கும். அதனால் குழுப் பணத்தில் ஒரு சிம் வாங்கி, அந்த நம்பரைத்தான் போடணும் என்று தீர்மானம் எழுதினோம்.

கடைசியில் ஊர்ப் பேர். "ஜவ்வாது மலை" என்று மட்டும் பெரிசாகப் போட்டா நல்லா விக்கும் என்று எங்களில் பல பேர் சொன்னாங்க. உண்மைதான், விக்கும். அன்னிக்குக் கூட்டத்துக்கு மலையில் இருந்து ரெண்டு குழுக்காரங்க வந்திருந்தாங்க. அவங்களில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "மலை பேரைப் போட்டா விக்கும்னு உங்களுக்குத் தெரியுது. அது எங்க பேருதானே? வியாபாரி எங்க மூட்டையில் அவர் பேரைப் போட்டாரு. இப்போ நீங்க எங்க பேரையே உங்க டேப்பில் போட்டுக்குறீங்க. இதில் எங்களுக்கு இன்னா?"

யாரும் பதில் பேசலை. கேள்வி அவ்வளவு நேரானது. நாம கீழே இருந்து வியாபாரியைப் பத்தி என்ன சொன்னோமோ, அதையே அவங்க நம்மைப் பார்த்துக் கேட்கிறாங்க. அன்னிக்குக் கூட்டம் ராத்திரி எட்டு மணி வரைக்கும் நடந்தது. முடிவு இதுதான். டேப்பில் ரெண்டு ஊர் பேரும் ஒரே அளவு எழுத்தில்: "ஜவ்வாது மலை – கலசப்பாக்கம்". பாக்கெட் லேபிளில் விளைய வெச்ச மலைக் குழுவோட பேரும் ஊரும். நேரா விக்கிற சாமைக்கு அவங்களுக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூட. மூணையும் தீர்மான நோட்டில் எழுதி, ரெண்டு பக்கத்துக்காரங்களும் கையெழுத்துப் போட்டோம். பேர் போடறதுன்னா அந்தப் பேருக்கு உரியவங்களுக்கும் பங்கு இருக்கணும். அதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த அக்காதான். அவங்க இன்னிக்கும் வந்திருக்காங்க. அவங்களுக்கு என் வணக்கம்.

அடுத்தது கணக்கு. இதை எல்லோரும் கவனிக்கணும். முப்பது சென்டிமீட்டர் நீளப் பெட்டிக்கு நடுவில் ஒட்ட, ரெண்டு பக்கமும் ஏழரை ஏழரை மடிப்பு சேர்த்து 45 சென்டிமீட்டர் வேணும். மேலே, கீழே ரெண்டுக்கும் 90. அறுபத்தஞ்சு மீட்டர் ரோலில் 72 பெட்டி வரும். ஓரத்திலும் குறுக்கே ஒட்டி, இங்கிலீஷ் எச் எழுத்து மாதிரி செஞ்சா பெட்டிக்கு ரெண்டு மீட்டருக்கு மேல் போகும், ரோலுக்கு 30 பெட்டிதான். நாங்க ஓரத்துக்குப் பேர் இல்லாத டேப் ஒட்டிட்டு, கடைசியில் நடுக்கோட்டில் பேர் போட்ட டேப் ஒட்டுறோம். மேலே மட்டும் ஒட்டினா போதாதா என்று கேட்பீங்க. திருடறவன் பெட்டியைக் கவிழ்த்து அடியில் அறுப்பான். ரெண்டு பக்கமும் வேணும்.

ஒரு ரோல் 72 ரூபாய் என்று கணக்குக்கு வெச்சுக்கோங்க. பெட்டிக்கு ஒரு ரூபாய். இது பெரிய செலவில்லை. சிக்கல் எங்கன்னா, அச்சடிக்கிறவங்க ரெண்டு ரோல், மூணு ரோல் அடிச்சுத் தர மாட்டாங்க. குறைஞ்சது இத்தனை ரோல் என்று சொல்லுவாங்க. 72 ரோல் எடுக்கணும்னா 5,184 பெட்டிக்கு ஆகும். மாசம் 40 பார்சல் அனுப்பற குழுவுக்கு அது பத்து வருசத்துக்கும் மேல் வரும். அதுக்குள்ள பசை காஞ்சு போகும், குழந்தைங்க விளையாட எடுத்துக்கும். அதனால் மாசத்துக்குப் பத்து பார்சல் அனுப்பறவங்க பேர் போட்ட டேப் வாங்கவே வேண்டாம். காகித டேப் வாங்குங்க. குழுப் பேரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யுங்க. டேப்பும் அட்டையும் சேர்ற இடத்தில், பாதி டேப்பில் பாதி அட்டையில் விழற மாதிரி நாலு இடத்தில் குத்துங்க. பிரிச்சு ஒட்டினா முத்திரை ஒண்ணு சேராது. பிளாஸ்டிக் டேப்பில் ஸ்டாம்ப் மை நிற்காது, கை பட்டாலே அழிஞ்சிடும். காகிதம் மையை உறிஞ்சிக்கும். காகிதத்தில் இன்னொரு லாபம்னு சொன்னேனே, அது இதுதான். எட்டு மாசம் நாங்க இப்படித்தான் அனுப்பினோம்.

இப்போ இந்தக் கூட்டமைப்பிடம் நான் கேட்க வந்ததைக் கேட்டுடறேன். ஒரு குழுவுக்குப் பத்து வருசம் வரும் டேப், பன்னிரண்டு குழு சேர்ந்தா பதினோரு மாசத்தில் தீர்ந்துடும். கூட்டமைப்பே ஒரே பிளேட் செஞ்சு, ஒரே டேப் அடிக்கலாம். எல்லோருக்கும் பொதுவான பேர், ரெண்டு ஊர், பொது நம்பர். நடுவில் ஒரு காலிக் கட்டம் விடணும். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தன் ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக்கும். பேர் பொதுவாக இருக்கும், எந்தக் குழு கட்டினதுன்னும் தெரியும். காகிதமாக இருந்தால்தான் இது முடியும். 1959-ல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட ஆரம்பிச்சாங்க. அதுதான் இன்னிக்கு லிஜ்ஜத். எத்தனையோ ஊரில் எத்தனையோ வீட்டில் இடுற அப்பளம், எல்லாம் ஒரே பேரில் போகுது. தனித்தனிப் பேரில் போயிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?

டேப் வந்த பிறகும் வேலை முடியாது. ரோல் பூட்டின பீரோவில் இருக்கணும். எத்தனை வந்தது, யார் எடுத்தாங்க, எத்தனை பெட்டி ஒட்டினாங்க என்று சேமிப்பு நோட்டு மாதிரி ஒரு நோட்டு வேணும். ஒரு ரோல் வெளியே போயிட்டா, அந்த முத்திரைக்கு மதிப்பே போயிடும். பார்சல் எடுக்க வர்ற பையன் "அக்கா, கொஞ்சம் டேப் குடுங்க" என்று கேட்டா, பேர் இல்லாத டேப்பைத்தான் கொடுக்கணும். பெட்டி ஒட்டினதும் மேல், கீழ் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையும் தெரியற மாதிரி வாங்கறவங்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பணும். "எங்க பேர் போட்ட டேப் அறுந்திருந்தாலோ, மேலே வேற டேப் இருந்தாலோ, வாங்கும்போதே சொல்லுங்க, வீடியோ எடுத்துகிட்டே பிரிங்க" என்று எழுதணும். இப்படி முன்கூட்டியே சொல்லலைனா, அவங்க டேப்பைப் பார்க்காமலே கிழிச்சுப் போட்டுடுவாங்க. சாட்சியைக் கூப்பிடாம வழக்கு நடத்தின மாதிரி ஆயிடும்.

1989-ல் தருமபுரியில் தமிழ்நாட்டோட முதல் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கினப்போ, கைநாட்டு வெச்ச பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் கொடுத்தாங்க. நம்ம குழுக்களிலும் அப்படிக் கத்துகிட்டவங்க இருக்காங்க. பாஸ்புக்கில் போட்ட அந்தக் கையெழுத்தை, இப்போ நாம அனுப்பற பெட்டி மேலயும் போடலாம் என்றுதான் கேட்கிறேன்.

வர்ற மாசக் கூட்டத்தில் மூணு விஷயத்தை எடுத்துக்கணும் என்று தலைவி அவர்களைக் கேட்டுக்கறேன். ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் மாசம் எத்தனை பார்சல் அனுப்புது என்கிற கணக்கு எடுக்கணும். ரெண்டு, மூணு இடத்தில் சாம்பிள் வாங்கி, நம்ம பெட்டியில் ஒட்டி, வெயிலில் வெச்சுப் பார்க்கணும். மூணு, டேப்பில் எந்தப் பேர் போடறது என்று முடிவு செய்யற அன்னிக்கு மலைக் குழுக்காரங்களும் இருக்கணும். அவங்களுக்குக் கடைசி பஸ் சாயங்காலமே போயிடும். அதனால் அந்தக் கூட்டத்தைக் காலையிலேயே வையுங்க.